மூன்று தட்டு

எண்ணூர் விரைவுச் சாலையில் இரும்பாகப் பிறப்பது பெரிய பாவம். கடல் காற்று ஒரு பக்கம் தின்னும், பறந்து வருகிற சாம்பல் இன்னொரு பக்கம் தின்னும், மிச்சத்தை லாரிப் புழுதி பார்த்துக்கொள்ளும். வேறு ஊரில் ஒரு வேனுக்கு ஷாக் அப்சார்பர் மாற்றுவது அரை நாள் வேலைகூட இல்லை. பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, கையைத் துடை. இந்தச் சாலையோரத் திருவொற்றியூரிலோ அந்தக் 'கழற்று' என்கிற ஒரு சொல்லிலேயே மெக்கானிக்கின் உயிர் போய்விடும். போல்ட்டும் நட்டும் துருவேறிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முடிந்தால் எங்களைப் பிரித்துப் பார் என்று உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சாலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை செய்கிற ஷெட் ஒன்றே ஒன்று. பீம்ராவ் கோணிச் சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே போவான். செங்கொடி சக்கரம் கழற்றின இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்ப் பக்கத்து நட்டை ஸ்பானரால் பிடித்துக்கொள்வாள். அவன் போல்ட்டின் தலையைத் திருப்புவான். நடுவில் வண்டியின் அடிச்சட்டமான சேஸ் இரும்பு மதில் மாதிரி நிற்கும். அவன் முகம் இவளுக்குத் தெரியாது, இவள் முகம் அவனுக்குத் தெரியாது. கத்தினாலும் கேட்காது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் விடிந்ததிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கிற சாலை அது.

அதனால் பேச்சே கிடையாது, தட்டுதான். ஸ்பானரால் சேஸில் ஒரு தட்டு என்றால் 'பிடி'. இரண்டு தட்டு என்றால் 'விடு'. மூன்று தட்டு என்றால் 'நான் வெளியே வருகிறேன், ஜாக்கியைத் தொடாதே'. வெளியே வந்தவன் பானெட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட வேண்டும். அந்த அறை கேட்கிறவரை ஜாக்கியின் பக்கம் யாரும் போகக் கூடாது. விரதம், நோன்பு எதுவும் இல்லாத அந்த வீட்டில் மீறக் கூடாதது என்று இருந்தது இது ஒன்றுதான்.

இந்தத் தட்டு பாஷையைக் கண்டுபிடித்தவன் பாரி, பீம்ராவின் தம்பி. செங்கொடி கல்யாணமாகி வியாசர்பாடி வீட்டுக்கு வந்தபோது அவன் அரை டிராயரில் திரிந்துகொண்டிருந்தான். சோறூட்டி வளர்த்தாள் என்று சொன்னால் பொய். சோற்றை அவனே அள்ளித் தின்றுகொண்டான், இவள் அடித்து வளர்த்தாள். வளர்ந்து ஷெட்டுக்கு வந்ததும் அவர்களோடு மூன்றாவது ஆளாக நின்றான். போன பொங்கலுக்கு முன்னால்தான் மணலி புதுநகரில் ஒரு டிரெய்லர் யார்டில் சம்பளம் அதிகம் என்று கிளம்பினான்.

"அங்க தனி ஆளா கீய போவ சொல்லுவானுங்க. மேல ஆளு இல்லாம கீய போறவன் என் தம்பி இல்ல, போ" என்றான் பீம்ராவ். கோபத்தில் சொன்னது. பாரியும் அதே ரத்தம்தானே, போய்விட்டான். அதோடு சரி, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. செங்கொடி மட்டும் புருஷனுக்குத் தெரியாமல் போன் போடுவாள். "மேல யார்னா கீறாங்களாடா?" என்பாள். "கீறாங்க அண்ணி" என்பான். பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தினம் கேட்பாள். கேட்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது ஷிபினின் வேன். ஷிபின் நாகர்கோவில் பக்கத்துப் பையன், ராயபுரத்தில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கிறான். பழைய வேன் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தான். "அக்கா, பள்ளத்துல எறங்கினா தலை கூரைல இடிக்குவு. பின்னாடி ரெண்டு ஷாக்கும் மாத்தித் தாங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, எங்கே வாங்கினான் என்று கேட்பதற்குள் ஓடிவிட்டான். செங்கொடிக்கு அப்போதே அது கொஞ்சம் உறுத்தியது.

வண்டியைத் தூக்கி, பேசின் பிரிட்ஜ் யார்டில் கழித்துப்போட்ட தண்டவாளக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். பீம்ராவ் கீழே போனவன் போன வேகத்திலேயே மூன்று தட்டு தட்டி வெளியே வந்து பானெட்டில் அறைந்தான்.

"நமக்கு முன்னாடி எவனோ கை வெச்சிக்கீறான் மே. போல்ட் தலை பூரா உளி அடி. பாதி தூரம் அட்சிட்டு, அப்டியே உட்டுட்டு ஓடிக்கீறான். சோம்பேறிக் கய்தை."

"ஓடனவன திட்டி இன்னா ஆவப் போவுது? டீசல ஊத்தி ஊற வெய்யி."

ஊற வைத்தார்கள். ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி இழுத்தார்கள். சுத்தியலால் தட்டி இளக்கப் பார்த்தார்கள். பிடி, விடு, பிடி, விடு என்று காலை முழுக்கத் தட்டு மாற்றித் தட்டு. கீழ் போல்ட் ஒரு முடி அளவு அசையவில்லை. மேல் போல்ட் அசைந்தது. அசைந்ததே என்று சந்தோஷப்பட்ட நிமிஷத்தில் 'டக்'கென்று தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. மிச்ச உடம்பு உள்ளேயே செத்த பல் மாதிரி இறுகிக் கிடந்தது. தலை இல்லாத போல்ட்டை ஸ்பானர் எங்கே பிடிக்கும்? இனி அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் துளை போட்டு எடுக்க வேண்டும். இரண்டும் பேஜாரான வேலை.

பீம்ராவ் வெளியே வந்து பானெட்டில் அறைந்தான். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செங்கொடி ஷெட்டுக்குள் போய், ஓட்டையில் இருந்த துருவைச் சுரண்ட மெல்லிய கம்பி ஒன்றைத் தேடினாள். பின்னாலிருந்து அவன் ஏதோ சொன்னது மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒன்றும் காதில் விழவில்லை.

கம்பியோடு திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்ததும் சேஸில் ஒரு தட்டு கேட்டது.

பிடி.

'அதுக்குள்ள கீய போய்ட்டானா, இன்னா அவுசரம் இந்த மனுசனுக்கு' என்று நினைத்துக்கொண்டே கீழ் நட்டில் ஸ்பானரைப் போட்டாள். தானும் ஒரு தட்டு பதில் தட்டினாள்.

போல்ட் திரும்பியது.

காலை முழுக்க இரண்டு பேரை வேர்த்து ஊற வைத்த போல்ட், எண்ணெய் போட்ட கதவுக் கொண்டி மாதிரி திரும்பியது. கிரீச் என்ற சத்தம்கூட இல்லை. அவள் கையில் இருந்த ஸ்பானருக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. இரண்டு தட்டு. விட்டாள். நட்டு தானாகக் கழன்று அவள் மடியில் விழுந்தது. மறுபடி ஒரு தட்டு. மேல் நட்டைப் பிடித்தாள். அதுவும் திரும்பியது. "அட்றா சக்க! இன்னாய்யா பண்ண, மந்திரமா?" என்று கத்தினாள். பதிலுக்கு இரண்டு தட்டு. மேல் போல்ட்டின் மிச்சத் துண்டு, தலை இல்லாத மொட்டைத் துண்டு, ஓட்டையிலிருந்து நழுவி அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

கழற்றின போல்ட் சுடும். அத்தனை இழுபறிக்குப் பிறகு கையில் வைக்கவே முடியாது. இது காசிமேட்டு ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையே இல்லாத இதை, கீழே இருக்கிறவன் எதைப் பிடித்துத் திருப்பினான்?

நிமிர்ந்தாள். சாலைக்கு எதிர்ப் பக்கம், லாரிகளுக்கு நடுவில் இடைவெளிக்காகக் காத்துக்கொண்டு, கஸ்பார் வெல்டிங் கடையின் காஸ் வண்டியைத் தள்ளியபடி பீம்ராவ் நின்றுகொண்டிருந்தான்.

கையிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்தாள். அந்தச் சமயத்தில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், சேஸின் அந்தப் புறத்திலிருந்து, அவசரமே இல்லாமல் கேட்டது. டொக். டொக். டொக்.

நான் வெளியே வருகிறேன். ஜாக்கியைத் தொடாதே.

குனிந்து கீழே பார்த்தாள். கோணிச் சாக்கு இருந்தது. பீம்ராவின் ஸ்பானர் இருந்தது. ஆள் இல்லை. சாக்கின் நடுப்பாகம் மட்டும், யாரோ அதன் மேல் கிடப்பது மாதிரி நன்றாக அமுங்கி இருந்தது.

பீம்ராவ் வந்து சேர்ந்தான். அவள் வெளுத்த முகத்தையும், கையிலிருந்த போல்ட் துண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு எரிச்சல்பட்டான்.

"பேய், பிசாசுலாம் நம்ம வூட்ல எப்ப மே வந்துச்சு? டீசல் ஊறி இளகிக்கீது. லாரி அதிர்ல சேஸ் தட்டிக்கீது. அவ்ளோதான். எய்ந்துரு, கட்டைய சரி பண்ணணும், வண்டிய கொஞ்சம் எறக்கறேன்."

"தொடாத!"

அவள் போட்ட கத்தலில் ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் ஜாக்கிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"மூணு தட்டு கேட்டுச்சு. இன்னும் யாரும் வெளிய வர்ல. ஜாக்கிய தொடக் கூடாது."

"கீய தான் யாரும் இல்லியே!"

"தட்டு கேட்டுச்சில்ல? அந்தத் தட்டு யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாவது பெயர் அவளுக்கு நினைவு வந்தது. பீம்ராவுக்கும் அது வந்துவிட்டது. அவன் முகத்திலிருந்த எரிச்சல் மெல்ல மெல்ல வடிந்துபோனது.

பாரிக்குத் தெரியும். உலகத்திலேயே அந்தத் தட்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அவள் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி. ஞாயிற்றுக்கிழமை யார்டில் ஆள் இருக்காது என்று அவன் போன வாரம் வாய்தவறிச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் ஸ்பானரை எடுத்துச் சேஸில் ஒரு தட்டு தட்டினாள். பிடி. ஓங்கி இன்னொன்று. பிடி. 'புட்ச்சிக்கோ நைனா, வந்துகினே கீறோம்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினாள். பீம்ராவ் அவளைத் தடுக்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டான்.

மணலி புதுநகர் போகிற வழியை நான் வருணிக்கப்போவதில்லை. கன்டெய்னர் லாரிகள் எங்கே நகரும், எங்கே நிற்கும் என்பது அந்த லாரிக்காரர்களுக்கே தெரியாது. பீம்ராவ் லாரிக்கும் தடுப்புக்கும் நடுவில் இருந்த இடுக்குகளில் பைக்கை நுழைத்தான். ஒரு சிக்னலில், திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "என் தம்பி இல்லன்னு சொன்னேன் இல்ல மே. அத்த அவன் மனசுல வெச்சிக்கினு இருப்பானா?" அவள் அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

யார்டின் கேட் சும்மா சாத்தியிருந்தது. காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். வரிசையாக நின்ற டிரெய்லர்களில் ஒன்று மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாம்பலைக் கொட்டி மேடாக்கிய தரை அது. வெயிலில் கெட்டியாகத் தெரியும், பாரம் ஏறினால் பொதுபொதுவென்று உள்ளே போகும். ஜாக்கி கழுத்துவரை புதைந்திருந்தது. ஆக்சிலுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

பீம்ராவின் வாயிலிருந்து வந்த சத்தத்தைச் செங்கொடி அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் கை தடுமாறவில்லை. யார்டில் கிடந்த கட்டைகளை இழுத்து வந்து அடுக்கினான், அகலமான இரும்புத் தகட்டைப் போட்டு அதன் மேல் வேறு ஜாக்கியை வைத்தான். செங்கொடி மண்ணில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆக்சில் பாரியின் மார்பில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே, ஸ்பிரிங்குக்கும் சேஸுக்கும் நடுவில் சிக்கியிருந்தன. கண் பாதி திறந்திருந்தது. உதடு நீலம்.

அவள் கையில் கிடைத்த கல்லால் சேஸில் ஒரு தட்டு தட்டினாள். பிடி.

அவன் இமை அசைந்தது.

"உசுரு கீது! யோவ், உசுரு கீதுய்யா! தூக்கு!"

பீம்ராவ் தூக்கினான். டிரெய்லர் ஒரு விரல் அளவு எழும்பியதும் பாரியின் மார்பு மேலே ஏறி இறங்கியது. அந்த மூச்சின் சத்தம் கேட்டுச் செங்கொடி மண்ணில் கிடந்தபடியே வாய்விட்டு அழுதாள். இழுத்து வெளியே போட்டார்கள். பீம்ராவ் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் உள்ளங்கையை எடுத்து, டிரெய்லரின் பக்கவாட்டுத் தகட்டில் தானே ஓங்கி அறைய வைத்தான். வெளியே வந்துவிட்டான் என்று அந்த வண்டிக்குத் தெரிய வேண்டாமா?

விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன, கை ஒன்று முறிந்திருந்தது. பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் பேச்சு வந்ததும் முதலில் அண்ணனைப் பார்த்தான். பீம்ராவ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். பாரி முறியாத கையை நீட்டி அவன் தோளைத் தொட்டான், அவர்களுக்கு அது போதும்.

"நல்ல வேள தட்டனடா" என்றாள் செங்கொடி, அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு. "நீ தட்டல்லன்னா எங்களுக்கு இன்னா தெரிஞ்சிருக்கும்?"

பாரி அவளையே பார்த்தான்.

"நானா? நான் எங்க அண்ணி தட்டனேன்? ரெண்டு கையும் மாட்டிக்கிச்சே, எத்தால தட்டறது? கத்தக் கூட மூச்சு இல்ல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான். "நீதான் தட்டன. மண்ட பக்கத்துலயே கேட்டுச்சு. ஒண்ணு. அப்பால இன்னொண்ணு. புடின்னு சொல்லிக்கினே இருந்தியே. அண்ணி வந்துட்டாங்க, மேல ஆளு கீதுன்னுதான் மூச்ச புட்ச்சிக்கினு கெடந்தேன். இல்லன்னா எப்பவோ உட்டுட்டிருப்பேன்."

செங்கொடியின் கை அவன் நெற்றியிலேயே நின்றுவிட்டது. அவள் தட்டியது திருவொற்றியூரில். இவன் கிடந்தது மணலி புதுநகரில். அதைக்கூட விடுங்கள். இவன் தட்டவில்லை என்றால், அன்றைக்கு மூன்று தட்டு தட்டியது யார்?

மறுநாள் ஷிபின் வண்டியைத் தேடி ஷெட்டுக்கு வந்தான். சேதி கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். செங்கொடி பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"வண்டிய எங்க வாங்கன? மெய்யாலுமே சொல்லு."

ஷிபினுக்கு முகம் சுருங்கிவிட்டது. "காட்டுப்பள்ளி போற வழில ஒரு பழைய வண்டி யார்டு அக்கா. ரொம்ப நாளா அப்படியே நின்னுட்டு கெடந்ததாம், யாரும் எடுக்கல்ல. ஷாக் மாத்தும்போ ஜாக்கி சரிஞ்சு ஒரு மெக்கானிக் கீழ மாட்டிச் செத்துட்டாராம். தனி ஆளாம். எந்த ஊரு, என்ன பேருன்னு அவங்களுக்கே தெரியல்ல. சொன்னா நீங்க வண்டியத் தொட மாட்டியளோன்னு பயந்துதான் அக்கா சொல்லல்ல." சொல்லிவிட்டுக் கண்கலங்கினான். அவன் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?

பீம்ராவ் வேனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன நிலையிலேயே அது ஜாக்கியில் நின்றது. உளி அடி பட்ட போல்ட்டுகள் முக்காலிக்குப் பக்கத்தில் கிடந்தன.

"பாதில உட்டுட்டு ஓடிட்டான், சோம்பேறின்னு திட்டனேன் மே" என்றான்.

"ஓடல. முடிக்க உடல அவர." செங்கொடி முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். இன்னமும் ஜில்லென்றுதான் இருந்தது. "காத்தால பூரா நாம தட்டிக்கினே இருந்தோம் இல்ல. கீய படுத்துக்கினு எல்லாத்தியும் கேட்டுக்கினு கெடந்துக்கீறாரு. ஒண்ணு புடி, ரெண்டு உடு, மூணு வெளிய வர்றேன். கத்துக்கினாரு. வேலைய முட்ச்சாரு. அப்பால வெளிய வர்றேன், ஜாக்கிய தொடாதன்னு எங்கிட்ட சொன்னாரு. நான்தான் அது பாரின்னு நென்ச்சிக்கினு உட்டுட்டு ஓடிட்டேன்."

அந்தத் தப்பால்தான் பாரி இன்றைக்கு மூச்சு விடுகிறான்.

வேலையை முடித்தார்கள். வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று வெல்டிங் கடை கஸ்பார்கூடச் சொன்னான், செங்கொடி கேட்கவில்லை. பீம்ராவ் கீழே போனான். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் "நான்தான் மே" என்று கத்தச் சொன்னாள். அவனும் கத்தினான். புதிய ஷாக் அப்சார்பர் ஏறியது, புதிய போல்ட்டுகள் கிரீஸ் பூசிக்கொண்டு உள்ளே போயின. மற்றப் பக்கத்துப் போல்ட்டுகள் தொட்டதும் கழன்றுகொண்டன, அவற்றுக்குச் சண்டை போடும் எண்ணமே இல்லை. நடுவில் ஒரு தடவை கீழேயிருந்து பீம்ராவின் குரல் வேறு மாதிரி வந்தது.

"மே."

"இன்னாய்யா?"

"ஒண்ணும் இல்ல. சாக்குல... எடம் கொஞ்சம் பத்தல. ஒருக்களிச்சு படுத்துக்கினு கீறேன்."

அவள் ஸ்பானரை விடவில்லை. "தள்ளிப் படு. அவுருக்கும் எடம் வேணும் இல்ல" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. கீழே சாக்கு உரசுகிற சத்தம் கேட்டது.

மூன்று தட்டு. "நான்தான் மே!" பீம்ராவ் வெளியே வந்து பானெட்டில் அறைந்தான். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. சக்கரங்களை மாட்டினார்கள். இனி வண்டியை இறக்க வேண்டியதுதான். ஷிபின் சாவியோடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தான், கிட்டே வரவில்லை.

பீம்ராவ் ஜாக்கிக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். திருகில் கை வைத்தவன், கையை எடுத்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"கீய ஆளு கீதே" என்றான்.

பேய் பிசாசு நம் வீட்டில் கிடையாது என்று சொன்ன அதே வாய். செங்கொடிக்கு அவன் மேல் அப்போது வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. அவள் வண்டியைச் சுற்றி வந்து, வழியில் கிடந்த ஸ்பானர், சுத்தியல், டீசல் டப்பா எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்தாள். படுத்திருந்து எழுந்து வருகிறவருக்குக் கால் இடறக் கூடாது. மண்ணில் மண்டியிட்டு, வண்டிக்குக் கீழே இருந்த நிழலைப் பார்த்து, சேஸில் இரண்டு தட்டு தட்டினாள்.

விடு.

"வேல முட்ச்சிருச்சு நைனா" என்றாள். "நல்லா செஞ்ச. எங்க புள்ளயும் வெளிய வந்துட்டான். மேல நாங்க ரெண்டு பேரு கீறோம், ஜாக்கிய யாரும் தொடல. நீ பயப்படாம வெளிய வா."

எழுந்து தள்ளி நின்று வழி விட்டாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஷிபின் சாவிக் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சாக்கின் நடுவில் அமுங்கியிருந்த பள்ளத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது மெல்ல நிமிர்ந்தது. காற்று இல்லை. அவள் புடவைத் தலைப்பைத் தொட்டுக்கொண்டு ஏதோ ஜில்லென்று கடந்துபோனது. கிரீஸும் வியர்வையும் கலந்த வாடை, நாள் பூரா வேலை செய்தவனின் வாடை.

பானெட்டில் ஓர் அறை விழுந்தது.

பீம்ராவ் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்தபடியே ஜாக்கியின் திருகை மெதுவாகத் திறந்தான்.